மாரிசெல் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போனார்?

வெளிநாட்டிலிருந்து ஒருவர் நம் பள்ளிக்குத் தன்னார்வலராக வருகிறார் என்றால் நாம் முதலில் போய்ப் பார்ப்பது குளியலறையைத்தான். தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, கொசுவலை கிழியாமல் இருக்கிறதா. விருத்தாசலத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தப் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. வருகிறவர்கள் இரண்டு மூன்று மாதம் இருப்பார்கள். பிள்ளைகளோடு பந்து விளையாடுவார்கள், சுவரில் படம் வரைவார்கள், பெரிய கோயிலையும் பிச்சாவரத்தையும் பார்ப்பார்கள், போகும்போது அழுவார்கள். நல்ல மனிதர்கள், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அவர்கள் போன பிறகு சுவரில் ஒரு வண்ணத்துப்பூச்சி கூடியிருக்கும், அவ்வளவுதான்.

இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு மாரிசெல்லைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பாடம் நடத்துவது எப்படி என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். இது அங்கே கிடைக்காது.

பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஒருவர் வருகிறார் என்று தாளாளருக்குப் போன் வந்தது. "காது கேளாதோர் ஆசிரியராம்" என்று அவர் என்னிடம் சொன்னார். நம்மைப் போல ஒரு ஆசிரியர் என்று எடுத்துக்கொண்டேன். அழைத்து வர ரயிலடிக்குப் போனேன். கூட்டத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டார். பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், அவர் மட்டும் நடந்துகொண்டே இருந்தார். ஓடிப்போய்த் தோளைத் தொட்டதும் சிரித்தபடி காதைக் காட்டி, கையை இல்லை என்று ஆட்டினார். காது கேளாதோருக்கு ஆசிரியர் இல்லை, காது கேளாத ஆசிரியர்.

அவருக்கு முப்பது வயது இருக்கும். கறுப்பு முடி, நம் நிறம். எங்கள் வாட்ச்மேன் அவர் பெயரை மாரிசெல்வி என்றே வைத்துக்கொண்டார். நானும் மாரிசெல்லும் போனில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டிப் பேசிக்கொள்வோம்.

தாளாளருக்குத்தான் கவலை. எங்கள் பள்ளியில் அப்போது உதடு பார்த்துப் புரிந்துகொள்வதும் வாயால் பேசுவதும்தான் பாடம். கை அசைத்துப் பேசினால் பிள்ளை பேசவே கற்காது என்று நம்பியிருந்தார்கள். "இவங்க எப்படி டீச்சரம்மா பேச்சு சொல்லித் தருவாங்க? படம் வரையறது, வெளையாட்டு, அதோட நிறுத்திக்கச் சொல்லுங்க" என்றார். அப்படியே சொன்னேன். மாரிசெல் சரி என்றார்.

முதல் வாரத்திலேயே ஒரு வினோதம் தொடங்கியது. பிள்ளைகள் அவரைச் சோதித்துப் பார்த்தார்கள்.

ஆரம்பித்து வைத்தது பவித்ரா. ஆறாம் வகுப்பு, துறுதுறுவென்று இருப்பாள். அப்பா கொளஞ்சி செராமிக் எஸ்டேட்டில் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு யூனிட்டில் சூளை வேலை பார்த்தார். அம்மா அஞ்சலை, அச்சிலிருந்து எடுத்த களிமண் பொம்மைகளை வீட்டுக்கு வாங்கி வந்து, ஓரத்தில் பிதுங்கி நிற்கும் கோட்டைச் சீவிக் கொடுப்பார். பவித்ரா மாரிசெல்லுக்குப் பின்னால் போய்ப் பலமாகக் கை தட்டினாள். அவர் திரும்பவில்லை. மறுநாள் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் போட்டாள். அடுத்து மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். விசில் ஊதினார்கள். பிரார்த்தனை மணியைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் முதுகுக்குப் பின்னால் ஆட்டினார்கள். ஒலி கேட்காத பிள்ளைகள் ஒலி எழுப்பி, அது இன்னொருவருக்குக் கேட்கிறதா என்று முகத்தை உற்றுப் பார்க்கிற காட்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்று அதட்டினேன். மாரிசெல் என்னைத் தடுத்தார். 'விடுங்கள், அவர்கள் எதையோ தேடுகிறார்கள்' என்று போனில் எழுதிக் காட்டினார். எதைத் தேடுகிறார்கள் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஒரு மத்தியானம் பவித்ரா என் மேசைக்கு வந்தாள். அவளுக்குத் தெரிந்த பேச்சும் சைகையும் கலந்து கேட்டாள். "அவங்க பெரியவங்க. ஏன் கேக்கல?"

பிறவியிலேயே அப்படி என்று சொல்லி அனுப்பிவிட வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அவள் முகத்தில் இருந்த குழப்பம் சாதாரணக் குழப்பமாக இல்லை. பதிலை நிறுத்திக்கொண்டு, பெரியவர்கள் என்றால் கேட்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்டேன். ஆமாம் என்றாள். எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொன்னாள். பல் விழுந்து முளைப்பதைக் காட்டினாள். உயரம் கூடுவதைக் காட்டினாள். பிறகு காதைத் தொட்டு, ஒரு கதவு திறப்பது போலக் கையை விரித்தாள்.

அவள் பார்த்த பெரியவர்கள் எல்லோருக்கும் காது கேட்டது. அப்பா, அம்மா, டீச்சர், கண்டக்டர், கடைக்காரர். காது கேட்காதவர்கள் எல்லாம் பள்ளியில் இருக்கும் சின்னப் பிள்ளைகள். அப்படியானால் வளர்ந்தால் கேட்கும் என்பதுதானே கணக்கு? வகுப்பில் மற்றவர்களிடமும் மெல்ல விசாரித்தேன். பாதிப் பேர் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். ஒரு பையன், காது திறக்காதவர்கள் பெரியவர்களாவதற்கு முன்பே செத்துப்போவார்கள் என்று நினைத்திருந்தான். அதைச் சொல்லும்போது அவன் பயப்படக்கூட இல்லை. பழகிப்போன சேதி போலச் சொன்னான்.

இந்த ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பிள்ளை ஒரு கேள்வியோடு வந்தால் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். எதைப் பார்த்து அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தது என்று முதலில் கேளுங்கள்.

அன்று பவித்ராவிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் அப்படித் திறப்பதில்லை என்று சொன்னேன். உனக்கும் திறக்காமல் போகலாம் என்றேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்களை இறுக்க மூடிக்கொண்டாள்.

காது கேட்கிற பிள்ளை கோபித்தால் காதைப் பொத்திக்கொள்ளும். நம் பிள்ளைகளுக்குக் கண்ணை மூடுவதுதான் கதவைச் சாத்துவது. அதற்கப்புறம் மாரிசெல் எதிரே வந்தாலே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். படம் வரையும் வகுப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனவள் திங்கட்கிழமை அப்பாவோடு வந்தாள்.

கொளஞ்சி கைகளில் வெள்ளை மண் ஒட்டியிருக்க, வேலைக்கு நடுவிலிருந்து வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நான் கோவமா வரல டீச்சர். புள்ள சரியா சாப்புட மாட்டேங்குது. ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பிறகு சொன்னார், சின்ன வயதில் அவள் அழும்போதெல்லாம் பெரியவளானால் கேட்கும் என்று இவர்கள்தான் சொல்லி வைத்தார்களாம். வாயால் சொன்னது அவளுக்கு எட்டாது என்று உயரத்தைக் காட்டி, காதைக் காட்டி, கும்பிட்டுக் காட்டிச் சொன்னார்களாம். அழுகை நின்றது. அப்புறம் அதையே சொல்லிக்கொண்டிருந்துவிட்டார்கள்.

"அத மாத்தி இப்ப என்னன்னு சொல்றது? கேக்காதுன்னு சொன்னா, அப்புறம் பெரியவளானா நீ யாரா இருப்பன்னு அதுக்கு நான் யாரக் காட்டுறது?"

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகளோடு நின்ற மாரிசெல்லைச் சுட்டிக் காட்டினேன். காது கேட்காதவர்தான், படித்திருக்கிறார், ஆசிரியராக இருக்கிறார், தனியாகக் கடல் தாண்டி வந்திருக்கிறார் என்றேன். கொளஞ்சி அவரை மரியாதையாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவங்க வெளிநாட்டுக்காரங்க டீச்சர். அவங்க ஊர்ல எல்லாம் இருக்கும். நம்ம பக்கத்துல காது கேக்காத பொம்பள ஒருத்தியக் காட்டுங்க, கண்ணாலம் கட்டி, கொழந்த பெத்து, சொந்தமா பொழைக்கிறவள. நான் பாத்ததில்ல. இந்த வருசத்தோட வூட்டுலயே இருக்கட்டும். அவங்கம்மாவோட பொம்ம சீவுனா கஞ்சிக்கு ஆவும்."

என்னால் ஒருவரையும் காட்ட முடியவில்லை. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான். பிறகு பிள்ளைகள் கடலூருக்கோ விழுப்புரத்துக்கோ போவார்கள், அல்லது வீட்டில் இருந்துவிடுவார்கள். தீபாவளிக்கு ஓரிரு பையன்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பெண்கள் யாரும் வந்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பி வைத்தேன். நடந்ததை மாரிசெல்லிடம் எழுதிக் காட்டினேன். அவர் அதை நிதானமாகப் படித்தார்.

மாரிசெல்லுக்கு ஊர் சுற்றுகிற பழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடையும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்பிவிடுவார். மணிமுத்தாற்று மணலில் நடந்ததாகச் சொல்வார். எஸ்டேட்டில் பொம்மைகள் காயும் பலகைகளுக்கு முன் நின்று பார்த்துவிட்டு, உடைந்த பீங்கான் துண்டோடு வருவார். முந்திரிப் பழத்தைக் கடித்துத் தொண்டை கரகரத்து நின்ற கதையை நடித்துக் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். மாலையில் எங்கே போவார் என்பதை மட்டும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இருட்டுவதற்குள் வந்துவிடுவார்.

கொளஞ்சி வந்துபோன வாரத்து ஞாயிறு இருட்டிய பிறகும் அவர் வரவில்லை. செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. தாளாளருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதைவிட, பின்னால் வருகிற லாரியின் ஹாரன் கேட்காத ஒருவர் ஜங்ஷன் ரோட்டில் நடப்பதை நினைத்துத்தான் தேடிக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் விசாரித்தேன். பாலக்கரையில் ஒரு ஆட்டோக்காரர் அடையாளம் சொன்னதும் தலையாட்டினார். "சப்ப மூக்கா, குடை வெச்சிருப்பாங்களே, அவங்களா? ஜங்ஷனுக்குப் போனாங்கம்மா. வாராவாரம் அங்கதான் போறாங்க. ஊமைங்க கூட்டம் ஒண்ணு கூடும்ல, அதுக்கு."

பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நடைமேடையின் கோடியில், மற்ற விளக்குகளைவிடப் பளிச்சென்று எரியும் ஒரு விளக்கின் கீழ் கொஞ்சம் பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சண்டை போலிருந்தது. அத்தனை கைகள் அத்தனை வேகத்தில் அசைந்தன. சத்தமே இல்லை என்று சொல்ல முடியாது. சிரிப்பு இருந்தது. உள்ளங்கையை உள்ளங்கை அறையும் ஓசை இருந்தது. நடுவில் மாரிசெல். அவர் நாட்டுச் சைகை வேறு, நம் சைகை வேறு என்று நான் படித்திருக்கிறேன். ஆனால் அவர் யாரோ சொன்ன கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் இருந்தால்தான் அவர்களால் பேச முடியும். செலவில்லாமல் உட்கார இடமும் நல்ல விளக்கும் உள்ள ஒரே இடம் ரயிலடி. உளுந்தூர்பேட்டை, பெண்ணாடம், அரியலூர், நெய்வேலி என்று நாலு பக்கமிருந்தும் ரயிலில் வந்து, பேசிவிட்டு, கடைசி வண்டியைப் பிடித்துப் போவார்களாம். டீ விற்பவர், அவர்கள் வருஷக் கணக்காக வருவதாகச் சொன்னார். நான் மாதத்துக்கு ஒருமுறை அந்த ஸ்டேஷனில்தான் ரயில் ஏறினேன். வெள்ளிக்கிழமை ஏறுவேன், திங்கட்கிழமை காலையில் வந்து இறங்குவேன், ஞாயிற்றுக்கிழமை அல்ல.

ஒரு இளைஞன் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். முருகவேல், என்னிடம் படித்தவன், பெண்ணாடத்தில் வெல்டிங் பட்டறையில் இருந்தான். மற்றவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினான். பெயரைச் சொல்ல அவன் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக் காட்டினான். உடனே எல்லோருக்கும் புரிந்து தலையாட்டினார்கள். கை அசைத்துப் பேசும் பிள்ளைகளிடம் 'கையைக் கட்டு' என்று வகுப்பில் நான் சொல்வேன், அதுதான் அவர்கள் மொழியில் என் பெயர். இன்றைக்கும் அதுவே.

அங்கேதான் தேவகியைப் பார்த்தேன். திட்டக்குடியில் தையல் கடை வைத்திருந்தார். கணவருக்கும் காது கேட்காது, அவர் துணி வெட்டுவார், இவர் தைப்பார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. ஒலிபெருக்கியில் வண்டி வருவதாகச் சொன்னதும் அந்தக் குழந்தை அம்மாவின் கன்னத்தைத் திருப்பி, சின்ன விரல்களால் ரயில் என்று சொன்னது. அதே மூச்சில் டீக்காரரிடம் வாயால் "பிஸ்கட்டு" என்று கேட்டது. நான் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாரிசெல் என் தோளைத் தொட்டு, போனில் எழுதியதைக் காட்டினார். 'மன்னியுங்கள், இன்றைக்கு நேரமாகிவிட்டது. ஒரு பெண்ணைக் காட்டு என்று அந்த அப்பா கேட்டாராமே. தேவகி இன்று தாமதமாகத்தான் வருவாள் என்றார்கள், அதனால் காத்திருந்தேன்.'

மறுநாள் காலை நானே தாளாளர் அறைக்குப் போனேன். வேறு யார் மூலமாகவோ அவருக்குத் தெரிவதற்கு முன் நான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இதையும் நீங்கள் பழகிக்கொள்ளுங்கள். அவர் கோபப்பட்டார். வெளிநாட்டுக்காரர் முன்பின் தெரியாதவர்களோடு இருட்டும் நேரத்தில் நிற்பதா, ஏதாவது ஆனால் போலீசுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவர்களைப் பள்ளிக்கு அழைக்கலாமா என்றேன், மறுத்தார். பிள்ளைகளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகவே கூடாது என்றார்.

வாதம் செய்திருந்தால் மாரிசெல்லை அன்றே ஊருக்கு அனுப்பியிருப்பார். வாயை மூடிக்கொண்டிருந்தால் கொளஞ்சி பெண்ணை நிறுத்தியிருப்பார். கொஞ்சம் யோசித்து, அடுத்த ஞாயிறு நான் என் சொந்த வேலையாக அங்கே போகிறேன், கொளஞ்சி தன் குடும்பத்தோடு வந்தால் பள்ளிக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரு புள்ளைய அவரு கூட்டிட்டுப் போனா, நான் யாரு வேணாங்கறதுக்கு? அந்தம்மா மட்டும் உங்க கூடவே வரட்டும், உங்க கூடவே போகட்டும்" என்றார்.

நான் கூப்பிட்டதற்கு, அடுத்த ஞாயிறு ஸ்டேஷனுக்குக் கொளஞ்சி சலவைச் சட்டையில் வந்தார். அஞ்சலை கையில் பெரிய பை. பவித்ரா அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி, மாரிசெல்லைக் கண்டதும் வழக்கம்போலக் கண்ணை மூடினாள். விளக்கடிக்கு வந்ததும் அத்தனை கைகள் அசைகிற காற்று முகத்தில் பட்டதோ என்னவோ, திறந்துவிட்டாள்.

யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் வெகுநேரம் நின்று பார்த்தாள். பிறகு முந்தானையை விட்டுவிட்டு வட்டத்தின் வெளிப்பக்கமாக நடந்தாள். முருகவேலுக்குப் பின்னால் போய் நின்று பலமாகக் கை தட்டினாள். அவன் திரும்பவில்லை. அடுத்தவருக்குப் பின்னால் போனாள், தட்டினாள். அதற்கடுத்தவர். எதிரே நின்றவர்கள் அவள் செய்வதைப் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. எல்லோரும் அசையாமல் நின்று, அவளை முழு வட்டமும் சுற்றி வரவிட்டார்கள். அவர்களும் ஒரு காலத்தில் இதே கணக்கைப் போட்டவர்கள்தானே. தேவகிக்குப் பின்னால் தட்டியபோது இடுப்பிலிருந்த குழந்தை மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

பவித்ரா முன்னால் வந்து நின்றாள். தேவகியின் காதைச் சுட்டி, கதவு திறப்பது போலக் கையை விரித்தாள். எப்போது என்று முகத்தால் கேட்டாள்.

தேவகி கையை ஆட்டினார். திறக்காது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமோ ஆறுதல் சொல்கிற பாவனையோ எதுவும் இல்லை. பஸ் இன்றைக்கு இல்லை என்பதைச் சொல்வது போலச் சொன்னார். சொல்லிவிட்டு அதே கையை வயிற்றில் வைத்து, வாய்க்குக் கொண்டுபோனார். பசிக்கிறதா?

பவித்ரா ஆமாம் என்று தலையாட்டினாள். அஞ்சலை அவசரமாகப் பையைத் திறந்தார். எல்லோருக்கும் சேர்த்துப் புளிசாதம் கட்டி வந்திருந்தார்.

அதற்குப் பிறகு கேள்வி கேட்டதெல்லாம் கொளஞ்சிதான். போனில் தமிழில் தட்டித் தட்டித் தேவகியின் கணவரிடம் நீட்டினார். யாராவது கதவைத் தட்டினால் எப்படித் தெரியும்? கடைக்கு வருகிறவர்கள் அளவை எப்படிச் சொல்வார்கள்? ராத்திரியில் குழந்தை அழுதால்? தேவகி தன் மணிக்கட்டையும் குழந்தையின் கொலுசையும் காட்டினார். இரண்டுக்கும் நடுவே ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு தூங்குவாராம். குழந்தை காலை உதைத்தால் கை இழுபடும். கொளஞ்சி அதை மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார்.

"பாத்தியா அஞ்சல, நாடா கட்டிக்கிறாங்களாம்."

அவர் மனம் அன்றே மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். வருஷக் கடைசியில் பெண்ணை நிறுத்துவதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மாரிசெல் கிளம்பிய அன்று பவித்ரா கண் கொட்டாமல் அவரைப் பார்த்துக்கொண்டு ரயில் நகரும் வரை கையால் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்கு முழுக்கப் புரியவில்லை. நான் அப்போதுதான் கற்க ஆரம்பித்திருந்தேன். எங்கள் வகுப்புகளில் கைகளை அவிழ்க்கத் தாளாளர் சம்மதிக்க இன்னும் சில வருஷங்கள் ஆயின. அது வேறு கதை, அதில் என் பங்கு கொஞ்சம்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஜூன் மாதம் ஒரு சேர்க்கை நாள். பவித்ரா அப்போது கடலூரில் விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பு படித்தாள். அவளுடைய பழைய சான்றிதழ் ஒன்றுக்காகக் கொளஞ்சி வந்து வராந்தாவில் காத்திருந்தார். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, மடியில் மூன்று வயதுப் பையனோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் சொல்லி முடித்த பிறகும் எழுந்திருக்காமல், "பெரியவனானா சரியாயிடுங்களா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் கொளஞ்சி வராந்தாவிலிருந்து எழுந்து வந்து அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பையனின் கன்னத்தைத் தொட்டார்.

"எம் பொண்ணுக்கும் காது கேக்காதுங்க" என்றார். பிறகு, "ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒங்களுக்கு எதுனா வேலை இருக்குதா?" என்று கேட்டார்.